கம்ப்யூட்டர் படித்தவர் ராணுவத்தில் ஐடி அதிகாரி ஆக வழி என்ன? கடலூர், புதுச்சேரி ஆட்கள் சொல்லவும்

முதுநகர் பையன்:
எல்லோருக்கும் வணக்கம். ஊர் கடலூர் முதுநகர். புதுச்சேரி பக்கம் ஒரு கல்லூரியில் பி.டெக் கடைசி வருஷம். பட்டத்தின் பெயர் ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ். அப்பா மீன் ஏலக்கடையில் கணக்கு எழுதுகிறார். கேம்பஸில் ஒரு சென்னை கம்பெனி எடுத்திருக்கிறது, வருஷத்துக்கு 3.6 லட்சம். ஆனால் எனக்கு ராணுவத்தில் ஐடி அதிகாரியாக வேண்டும் என்று ஆசை. என்ன பரீட்சை, உள்ளே போனால் கோடிங் இருக்குமா, 12 வரை தமிழ்வழியில் படித்தவனுக்கு வாய்ப்பு உண்டா என்று தெரிய வேண்டும். அம்மாவிடம் சொன்னதிலிருந்து, "எல்லையில் கொண்டுபோய் நிறுத்திவிடுவான்" என்று ஒரே அழுகை.

வில்லியனூர் வாசி:
அக்னிவீர் போடு தம்பி. நாலு வருஷம் முடிந்தால் கையில் ஒரு தொகை வரும். இதற்குப் போய் ஏன் குழப்பம்?

பழைய சிக்னல்காரன்:
வில்லியனூர் தம்பி, அவன் கேட்டது அதிகாரி வேலை. அக்னிவீர் 2022இல் வந்தது. அது சிப்பாய் நிலையில் சேரும் வழி, கெட்ட வழி என்று சொல்லவில்லை. ஆனால் பி.டெக் முடிக்கப்போகிறவன் அதிகாரி நுழைவுக்கு ஒரு தடவையாவது முயன்று பார்க்க வேண்டும்.

நான் ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் 28 வருஷம் இருந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன். அதிகாரி இல்லை. ஆனால் புதிதாக வந்த லெஃப்டினன்ட்கள் பலரைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். சொல்லப்போனால், வளர்த்துவிட்டிருக்கிறேன்.

ஒருவர் நம் பக்கத்துப் பையன், கம்ப்யூட்டர் சயின்ஸ். வந்த மூன்றாம் மாதம் நாங்கள் மலைமேல் இருந்தோம். ராத்திரி இரண்டு மணிக்கு லைன் செத்துவிட்டது. சாப் லேப்டாப்பைத் திறந்து பிங் போட்டுப் போட்டுப் பார்க்கிறார், மறுமுனையிலிருந்து பதிலே இல்லை. எங்கள் லைன்மேன் ஒருவன், பத்தாவதுகூட முடிக்காதவன், மெதுவாகச் சொன்னான்: "சாப், சாயங்காலம் ரோடு போடுகிறவர்களின் ஜேசிபி அந்தத் திருப்பத்தில் நின்றது." போய்ப் பார்த்தோம். ஃபைபர் கேபிள் வாழைநார் மாதிரி பிய்ந்து கிடந்தது. அறுந்த ஃபைபரை ஒட்டுகிற ஸ்ப்ளைசிங் மெஷினைத் திறந்தால் குளிரில் பேட்டரி எழவில்லை. அந்த லெஃப்டினன்ட் பேட்டரியைக் கழற்றித் தன் ஜாக்கெட்டுக்குள், பனியனுக்கும் தோலுக்கும் நடுவே வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் டார்ச்சை அவரே பிடித்தார், லைன்மேன் ஒட்டினான். விடிவதற்குள் லைன் வந்துவிட்டது.

தம்பி கேட்ட ஐடி வேலை இதுதான். அந்த ராத்திரி அவர் எழுதிய கோடு ஒரு வரிகூட இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த லைன்மேன் அவருக்காக எதையும் செய்வான்.

ஓஎம்ஆர் அகதி:
கதை நன்றாக இருக்கிறது ஐயா. ஆனால் பையன் படித்தது ஏஐ. அதை வைத்துக்கொண்டு பனியில் பேட்டரி சூடு பண்ணவா? நான் ஒன்பது வருஷமாக ஐடியில் இருக்கிறேன். இரண்டு வருஷம் கோடு எழுதாமல் இருந்தால் கை துருப்பிடித்துவிடும். குறிப்பிட்ட வருஷத்துக்கு மட்டும் எடுக்கிற ஷார்ட் சர்வீஸில் பென்ஷனும் கிடையாது என்கிறார்கள். முப்பத்து மூன்று, முப்பத்து நாலு வயதில் வெளியே வந்து மறுபடி ஃப்ரெஷர் மாதிரி வரிசையில் நிற்க வேண்டுமா?

லாஸ்பேட்டை அக்கா:
நான் ராணுவத்தில் ஷார்ட் சர்வீஸ் டெக் வழியாகப் போய், சிக்னல்ஸில் பத்து வருஷம் முடித்துவிட்டு வந்தவள். இப்போது புதுச்சேரியில்தான் இருக்கிறேன். ஓஎம்ஆர் தம்பி கேட்டது நியாயமான கேள்வி, அதற்கு அடுத்து வருகிறேன். முதலில் வழிகளைச் சொல்லிவிடுகிறேன், முதுநகர் தம்பி குறித்துக்கொள்.

ராணுவத்தில் "ஐடி அதிகாரி" என்று தனியாக ஒரு பதவிக்கு ஆள் எடுப்பதில்லை. எஸ்எஸ்சி டெக் (நான் போன ஷார்ட் சர்வீஸ் டெக்தான்) என்ற நுழைவில் கம்ப்யூட்டர், ஐடி பட்டதாரிகளுக்கு இடம் உண்டு, வயது 20 முதல் 27. எழுத்துத் தேர்வு கிடையாது. பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்துக் கட்-ஆஃப் போட்டு நேரே எஸ்எஸ்பி என்ற ஐந்து நாள் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர் பிரிவுக்குக் கூட்டம் அதிகம் என்பதால் கட்-ஆஃபும் மேலேயே நிற்கும், அரியர் வைத்திருந்தால் சிரமம். தேர்வானால் சென்னை பரங்கிமலையில் உள்ள ஓடிஏ (அதிகாரிகள் பயிற்சி அகாடமி) மாதிரியான இடத்தில் 49 வாரம் பயிற்சி. அப்புறம்தான் எந்தப் படைப்பிரிவு என்று சொல்வார்கள். சிக்னல்ஸ் கிடைக்கலாம், கருவிகளையும் வண்டிகளையும் பராமரிக்கிற இஎம்இ கிடைக்கலாம், இன்ஜினியர்ஸும் கிடைக்கலாம். சிக்னல்ஸ் என்றால் மத்தியப் பிரதேசத்தில் மௌ ஊரில் உள்ள எம்சிடிஇ கல்லூரிக்குப் போவாய். அம்பேத்கர் பிறந்த ஊர், இப்போது ஊரின் பெயரே டாக்டர் அம்பேத்கர் நகர்தான். நெட்வொர்க், ரேடியோ, சைபர் எல்லாம் அங்கேதான் சொல்லித் தருவார்கள். டிஜிசி என்று இன்னொரு நுழைவு உண்டு, அது ஆண்களுக்கு மட்டும். அதில் போனால் நிரந்தரப் பணி, டேராடூனில் பயிற்சி.

விமானப்படைக்கு ஆஃப்காட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். 100 கேள்வி, சரிக்கு 3, தப்புக்கு மைனஸ் 1. உன் படிப்பு ஏரோநாட்டிக்கல் இன்ஜினியர் எலெக்ட்ரானிக்ஸ் பிரிவின் தகுதிப் பட்டியலில் இருக்கிறதா என்று அறிவிப்பில் பார்.

உனக்கு நேராகப் பொருந்துவது கடற்படைதான். எஸ்எஸ்சி எக்ஸிக்யூட்டிவ், இன்ஃபர்மேஷன் டெக்னாலஜி என்ற பெயரிலேயே அறிவிப்பு வரும். ஏறக்குறைய 25 வயதுக்குள் இருக்க வேண்டும். பி.டெக், எம்.எஸ்சி போக, பிசிஏவோ பி.எஸ்சி கம்ப்யூட்டரோ படித்துவிட்டு எம்சிஏ முடித்தவர்களும் போடலாம். பத்தாவதிலோ பன்னிரண்டிலோ ஆங்கிலத்தில் 60 சதவீதம் கேட்பார்கள், அதை மறந்துவிடாதே. கண்ணூருக்குப் பக்கத்தில் எழிமலையில் தொடக்கப் பயிற்சி, அப்புறம் கப்பலிலும் கரையிலும்.

இப்போது முக்கியமான விஷயம். உன் பட்டத்தின் பெயர். ராணுவ அறிவிப்பில் எந்தெந்தப் பட்டப் பெயர்கள் செல்லும் என்று ஒரு அட்டவணை இருக்கும். மார்க் ஷீட்டில் இருக்கும் பெயர் அதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். "அதுவும் கம்ப்யூட்டர்தானே சார்" என்ற வாதம் அங்கே எடுபடாது. கடற்படைப் பட்டியலில் ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ், டேட்டா அனலிட்டிக்ஸ், சைபர் செக்யூரிட்டி எல்லாம் வந்திருக்கின்றன. ஆனாலும் நீ போடுகிற வருஷத்து அறிவிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, உன் மார்க் ஷீட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு சொல்லாகப் பார்.

லாஸ்பேட்டை அக்கா:
ஓஎம்ஆர் தம்பிக்கு. பென்ஷன் இல்லை என்பது உண்மை. பத்து வருஷம், விரும்பினால் இன்னும் நாலு. நிரந்தரப் பணிக்குத் தேர்வாகாமல் வெளியே வந்தால் கிராஜுவிட்டி உண்டு, மாதப் பென்ஷன் கிடையாது. இதைக் கணக்கில் வைத்துக்கொண்டுதான் சேர வேண்டும். சம்பளத்தைப் பொறுத்தவரை, லெஃப்டினன்ட்டுக்கு அடிப்படை 56,100, மிலிட்டரி சர்வீஸ் பே 15,500, அதன்மேல் டிஏ முதலானவை. ஓடிஏ பயிற்சியிலேயே மாதம் 56,100 உதவித்தொகை. தம்பிக்கு வந்திருக்கிற 3.6 லட்சத்தோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

கோடிங் கேட்டீர்கள். ராணுவத்துக்குள் கோடு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 2020இல் வந்த சாய் என்ற மெசேஜிங் ஆப்பை உருவாக்கியவர் ஒரு கர்னல். 2021 டிசம்பரில் வந்த அசிக்மா செயலியைச் செய்தது சிக்னல்ஸ் அதிகாரிகள்தான். அதற்கு முன்பு ஏவான் என்ற பழைய மெசேஜ் அமைப்பு இருந்தது, அதோடு மல்லுக்கட்டிய ஆட்களில் நானும் ஒருத்தி. ஆனால் இப்படிப்பட்ட வேலைக்குப் போகிறவர் நூற்றில் சிலர். மற்றவர்களுக்கு நாள் முழுக்க ஆள், வண்டி, ஜெனரேட்டர், ஆடிட், லீவு விண்ணப்பம். என் முதல் யூனிட்டில் எனக்குக் கீழே முப்பதுக்கும் மேற்பட்ட ஜவான்கள். ஒருவனுடைய அம்மாவுக்கு ஆபரேஷன், இன்னொருவனுக்கு ஊரில் நிலத் தகராறு. காலையில் ரவுட்டர், சாயங்காலம் நிலத் தகராறு. இது பிடிக்காதவர்கள் தாராளமாக டிஆர்டிஓ, என்ஐசி, சி-டாக் மாதிரி அரசின் ஆராய்ச்சி, கம்ப்யூட்டர் நிறுவனங்கள் பக்கம் போகலாம். அங்கேயும் நாட்டுக்கான வேலைதான், சீருடை கிடையாது, விடியற்காலை ஓட்டமும் கிடையாது.

வெளியே வந்தபோது கை துருப்பிடித்திருந்தது நிஜம். ஆறு மாதம் திணறினேன். அதிகாரிகளுக்கு மறுவாழ்வு இயக்ககம் மூலமாக ஐஐஎம்களில் படிப்பு உண்டு, அதைச் செய்தேன். இப்போது ஒரு இடத்தில் பாதுகாப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். கோடு எழுதும் வேலை கேட்டிருந்தால் என்னை எடுத்திருக்க மாட்டார்கள். நள்ளிரவில் சர்வர் விழுந்தால் பத்துப் பேரைப் பதறாமல் வேலை வாங்கத் தெரியுமா என்று பார்த்துத்தான் எடுத்தார்கள்.

ஓஎம்ஆர் அகதி:
இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி அக்கா. நள்ளிரவில் சர்வர் விழுகிற கதை இங்கேயும் உண்டு, ஆனால் எங்களுக்கு ஜவான்கள் கிடையாது, வாட்ஸ்அப் குரூப்தான்.

மூன்று முறை திரும்பியவன்:
நெல்லிக்குப்பம். எஸ்எஸ்பிக்கு மூன்று முறை போய் மூன்று முறையும் திரும்பியவன். தோற்றவன் சொல்வதும் கொஞ்சம் உதவும் என்று எழுதுகிறேன்.

முதல் தடவை பிரயாக்ராஜ். முதல் நாளே வெளியே. மங்கலான படம் ஒன்றை 30 வினாடி காட்டுவார்கள், நாலு நிமிடத்தில் கதை எழுத வேண்டும், அப்புறம் குழுவில் சொல்லி விவாதிக்க வேண்டும். பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள், மீன் மார்க்கெட் தோற்றது. நான் வாயே திறக்கவில்லை. சாயங்காலம் செஸ்ட் நம்பர் வாசித்தபோது என்னுடையது வரவில்லை. ஸ்டேஷனில் உட்கார்ந்து கச்சோரி தின்றேன், ருசியே தெரியவில்லை.

இரண்டாம் தடவை போபால். ஐந்து நாளும் இருந்தேன். வார்த்தைக்கு 15 வினாடி என்று 60 வார்த்தை, 30 நிமிடத்தில் 60 சூழ்நிலை, 12 படக் கதை. இதில் பன்னிரண்டாவது வெறும் வெள்ளைத் தாள். மனப்பாடம் பண்ணிய பதிலையே எல்லாவற்றுக்கும் எழுதினேன். நேர்காணலில் அவர் சிரித்துக்கொண்டே, "உங்கள் கதையில் எல்லா ஹீரோவும் வெள்ள நிவாரணம்தான் செய்கிறார்கள், நீங்கள் எப்போதாவது செய்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். கடலூர்க்காரன் நான். 2015 வெள்ளத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், அப்பாவோடு சேர்ந்து பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கட்டிலோடு தூக்கிவந்தோம். அதைச் சொல்லத் தோன்றவே இல்லை, கோச்சிங்கில் படித்த ஏதோ ஒன்றைச் சொன்னேன். இன்றைக்கும் அதை நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

மூன்றாவது கோயம்புத்தூர், கடற்படை. அது வேறு விதமான சோகம். பத்தாவது சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் இனிஷியல் பின்னால், கல்லூரியில் அப்பா பெயர் முழுசாக. மேசையில் இருந்தவர் வடக்கத்திக்காரர், "இதில் சர்நேம் எது?" என்கிறார். எனக்கு ஏது சர்நேம்? உறுதிமொழிப் பத்திரம் கொடுத்துச் சமாளித்தேன், ஆனால் அன்று முழுக்க மனசு அங்கேயே நின்றுவிட்டது. தம்பி, இன்றைக்கே போய் எல்லாவற்றிலும் பெயரைப் பத்தாவது சான்றிதழில் இருக்கிற மாதிரி மாற்று.

தமிழ்வழிக்காரன் என்று பயப்படாதே. என் குழுவில் தேர்வான ஒருவனுடைய ஆங்கிலம் என்னுடையதைவிட மோசம். ஆனால் சொல்ல வந்ததை அவன் பாதியில் விடவில்லை. இப்போது எனக்கு 27 தாண்டிவிட்டது, ஒரு பேங்கில் இருக்கிறேன்.

பழைய சிக்னல்காரன்:
பாட்டியைக் கட்டிலோடு தூக்கியதைச் சொல்லாமல் வந்தாயா! அடப்பாவி.

பண்ருட்டி அம்மா:
என் பையன் இப்போது பயிற்சியில் இருக்கிறான். அவனுடைய அப்பாதான் இதை டைப் அடித்துக் கொடுக்கிறார். பயிற்சி முடியும்வரை கல்யாணம் கூடாது என்பது விதி. எங்கள் வீட்டில் பெண் பார்த்து வைத்திருந்தோம், அவர்கள் காத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள், நல்லவர்கள். முதல் சில வாரம் போன் வராது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, "அம்மா, பலாப்பழம் சாப்பிடணும் போல இருக்கு" என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை. முதுநகர் தம்பி, உன் அம்மாவை என்னோடு பேசச் சொல்.

குபேர் சாலை:
என் தாத்தா பிரெஞ்சு சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாய். இந்தோசீனாவில் இருந்தவர். பாட்டிக்குக் கடைசிவரை பிரான்சிலிருந்து பென்ஷன் வந்தது. ஜூலை 14 அன்று கடற்கரை நினைவுச் சின்னத்தில் பழைய ஆட்கள் மெடல் குத்திக்கொண்டு நிற்பார்களே, அதில் அவரும் நிற்பார். அவரும் தந்தி, ரேடியோ வேலைதான் பார்த்தாராம். ஆக, நம் ஊருக்கு சிக்னல் வேலை புதிதில்லை. இழைக்குச் சம்பந்தமில்லை என்றால் மன்னிக்கவும்.

லாஸ்பேட்டை அக்கா:
சம்பந்தம் இருக்கட்டும், நல்ல செய்திதானே. இங்கே படிக்கிற பெண் பிள்ளைகளுக்கும் ஒன்று. எஸ்எஸ்சி டெக்கில் பெண்களுக்கும் இடம் உண்டு, ஆனால் ஆண்களோடு பார்த்தால் மிகவும் குறைவு, ஒரு பேட்சுக்கு முப்பதை ஒட்டித்தான் வரும். 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு நிரந்தரப் பணிக்கும் கதவு திறந்திருக்கிறது. நான் சேர்ந்த காலத்தில் அந்தப் பேச்சே எட்டாத உயரத்தில் இருந்தது.

முதுநகர் பையன்:
எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாக இதையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன். மார்க் ஷீட்டை வைத்துப் பார்த்தேன் அக்கா, கடற்படையின் போன அறிவிப்பில் உள்ள பெயரும் என் பட்டப் பெயரும் முழுசாக ஒன்றாக இல்லை. கல்லூரியில் கேட்டால், "எல்லாம் ஒன்றுதான், போடு" என்கிறார்கள். அப்புறம் நண்பன் ஒருவன் மூலம் ஒருவர் பேசினார். மூன்று லட்சம் கொடுத்தால் மெடிக்கலும் எஸ்எஸ்பியும் "பார்த்துக்கொள்கிறேன்" என்றார். வலது தோளில் ஒரு சின்ன டாட்டூ வேறு இருக்கிறது, வேல்.

பழைய சிக்னல்காரன்:
அந்த மூன்று லட்சத்துக்காரன் நம்பரை பிளாக் பண்ணு. இரக்கமே வேண்டாம். எஸ்எஸ்பியில் உட்காருகிற மூன்று மதிப்பீட்டாளர்களும் ஐந்து நாள் தனித்தனியாகப் பார்த்துவிட்டுக் கடைசி நாள் மாநாட்டில்தான் ஒன்றாக உட்காருவார்கள். நடுவில் நுழைய இடமே இல்லை. இவன்கள் பத்துப் பேரிடம் வாங்குவான்கள். தானாகத் தேர்வாகிற ஒருவனுடைய பணத்தை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு நாமம். என் சொந்தக்காரப் பையன் ஒருவன் இப்படி அம்மா நகையை அடகு வைத்துக் கொடுத்துவிட்டு நிற்கிறான்.

லாஸ்பேட்டை அக்கா:
பட்டப் பெயருக்குக் கல்லூரியின் வாய்ப் பேச்சு உதவாது. படையின் ஆட்சேர்ப்புத் தளத்தில் கேள்வி கேட்க வசதி உண்டு, அதில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்து. ஒத்துவராவிட்டால் எம்.டெக்கோ எம்.எஸ்சியோ கம்ப்யூட்டர் சயின்ஸ் என்ற பெயரிலேயே படித்துவிட்டுப் போடலாம், உனக்கு வயது இருக்கிறது. அதுவரை சென்னை வேலையில் சேர்ந்துகொள், அதில் தப்பே இல்லை.

டாட்டூவைப் பற்றி மழுப்ப மாட்டேன். முன்கையின் உள்பக்கம், புறங்கை, இந்த இரண்டு இடத்துக்குத்தான் எல்லோருக்கும் அனுமதி. பழங்குடியினருக்கு அவர்கள் வழக்கப்படி விலக்கு உண்டு. தோள் என்றால் மெடிக்கலில் நிற்கும். தோல் மருத்துவரிடம் போய் லேசரில் எடுக்க எவ்வளவு காலம் ஆகும் என்று இப்போதே கேள், பல தடவை உட்கார வேண்டியிருக்கும். காது அழுக்கையும் எடுத்துவிடு. சிரிக்காதே, அதற்காகவே எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

முதுநகர் பையன்:
சரி அக்கா. முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன். அம்மா நேற்று பண்ருட்டி அம்மாவோடு முக்கால் மணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை, ஆனால் இன்று காலை என்னை எழுப்பி விட்டதே அம்மாதான். தேவனாம்பட்டினம் கடற்கரையில் 2.4 கிலோமீட்டர் ஓடினேன், 14 நிமிடம் 20 வினாடி. பயிற்சிக்குப் போகும்போது 10 நிமிடம் 30 வினாடிக்குள் வேண்டுமாமே?

பழைய சிக்னல்காரன்:
மணலில் ஓடி நேரம் பார்க்கிறவனை இப்போதுதான் பார்க்கிறேன். கணுக்கால் போய்விடும். மஞ்சை நகர் மைதானத்துக்கு வா. தினம் காலை ஐந்தரைக்கு அங்கேதான் நடப்பேன், பச்சை மப்ளர். ஷூ புதிதாக வாங்காதே, இருப்பதைப் போட்டுக்கொண்டு வா.

மூன்று முறை திரும்பியவன்:
ஐயா, நானும் வரலாமா? ஓடுவதற்கு மட்டும்.

பழைய சிக்னல்காரன்:
வா. அந்தப் பாட்டி கதையை அவனுக்கு முழுசாகச் சொல்லு.